இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் காபி எடுத்துவர உள்ளே திரும்பினேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார். “கால் சரியில்லாதவரு ஓட்டுன வண்டின்னு சொன்னாங்களே, கிளட்ச் எல்லாம் தேஞ்சி போயிருக்குமேம்மா?” பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவர். கல்லூரியில் படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு, சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கார் பார்க்க வந்திருந்தார். வாசலில் நிற்கும் அந்தச் சிவப்புக் காரில் கிளட்ச் மிதியே கிடையாது. கியர் தானாக மாறும். அதுகூடத் தெரியாமல் வாங்க வந்தவருக்கு, ஓட்டியவருடைய கால் எப்படி இருந்தது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். உடனே வெளியே போனால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே நிச்சயமில்லை.

அது என் அண்ணனின் கார். அண்ணன் கடலூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்தார். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கும், செத்தவர்களின் குடும்பத்துக்கும் நஷ்டஈடு வாங்கித் தருகிற வழக்குகள்தான் அவரிடம் அதிகம். குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. சமதரையில் இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடப்பார். படி ஏறுவதற்கு மட்டும் ஊன்றுகோல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், எங்கள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “மாப்பிள்ளைக்கு மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு?” என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு அண்ணன் எந்த வீட்டுக்கும் போக மறுத்துவிட்டார். இருந்த ஆசையையெல்லாம் கார்மேல் கொட்டினார் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிற என் வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட் பைத்தியம். அதற்கு யாரும் காரணம் தேடியதில்லை. அண்ணனுக்குக் கார் பிடிக்கும், அவ்வளவுதான்.

லைசென்ஸ் எடுத்த கையோடு அவர் வாங்கிய முதல் வண்டி, கியர் தானாக மாறுகிற ஒரு சின்னக் கார். அதில் என்னை உட்காரவைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது சொன்னார்: “ஆட்டோமேட்டிக் வண்டியில ஏறி உக்காந்துட்டா எல்லாருக்கும் ஒரே காலுதான் பாப்பா. கலெக்டரே வந்து உக்காந்தாலும் இடது காலு சும்மாதான் கெடக்கணும்.” சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சின்னக் காரையே பல வருஷம் ஓட்டினார். வழக்கு விஷயமாகப் பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்று அவர் போகாத ஊர் கிடையாது. வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் இன்னும் வேகமான, இன்னும் கெட்டியான வண்டி வாங்கப் போகிறேன் என்று அவர் வாயைத் திறந்ததும், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அவர்மேல் அக்கறை வந்துவிட்டது. “உனக்கு எதுக்குப்பா வேகம்?” என்றார் சித்தப்பா. அவருடைய மகன் பைக்கில் என்ன வேகத்தில் போகிறான் என்று ஊருக்கே தெரியும். அவனை யாரும் கேட்டதில்லை. அண்ணன் சித்தப்பாவுக்குச் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. “என் கேஸ் கட்டுல இருக்கற டிரைவருங்க எல்லாத்துக்கும் ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு சித்தப்பா.”

இரண்டு வண்டிகள் அவர் மனதில் நின்றன. ஒன்று, பின்பக்கம் வெட்டிவிட்டதுபோல் கட்டையாக இருக்கிற சிவப்புக் கார். இன்னொன்று, நீளமான டிக்கி வைத்த நீலக் கார். இரண்டும் டர்போ வைத்த பெட்ரோல் என்ஜின், இரண்டிலும் கியர் தானாக மாறும், வேண்டுமானால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற சின்ன இறக்கைகளை விரலால் தட்டி நாமே மாற்றிக்கொள்ளலாம். நீலத்துக்கு சக்தி அதிகம். சிவப்புக்கு எடை குறைவு. கோர்ட்டில் சாப்பாட்டு இடைவேளையில்கூட போனில் இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தால் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே என் வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்வார். என் வீட்டுக்காரர் எந்தக் கலரில் அழுக்குத் தெரியாது, எதைத் திருப்பி விற்றால் நல்ல விலை போகும் என்பதைத் தாண்டி யோசிக்க மாட்டார். “குதிரைசக்தி எவ்ளோன்னு புக்குல போட்டிருக்கான் மச்சான். கரும்பு டிராக்டர் திடீர்னு குறுக்க திரும்புனா வண்டி என்னா பண்ணும்னு போடல. அத ஓட்டிப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும்” என்பார் அண்ணன். அவர் கேட்டது அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்குகிறவன் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

சிவப்புக் காருக்குக் கடலூரிலேயே ஷோரூம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் போனோம். உள்ளே நுழைந்ததும் அண்ணனுக்கு நாற்காலி வந்தது. தண்ணீர் வந்தது, ஜூஸ் வந்தது. விற்பனைக்கு இருந்தவர் பேசியதெல்லாம் என் வீட்டுக்காரரிடம். “சாருக்கு இந்த சீட்டு வசதியா இருக்குங்களா?” என்று அண்ணனைப் பற்றி அண்ணனுக்கு எதிரிலேயே அடுத்தவரிடம் கேட்டார். ஓட்டிப் பார்க்கலாமா என்று அண்ணன் எழுந்தார். லைசென்ஸை நீட்டினார். அந்த ஆள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. அண்ணனுடைய காலைப் பார்த்தார். பிறகு சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, வெகு மரியாதையாகச் சொன்னார்: “நீங்க பக்கத்துல உக்காருங்க சார். ஓட்டிக் காட்டுவாங்க.” அந்த மரியாதையைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். ஜூஸ் கொடுத்து அவமானப்படுத்துகிறவனை என்ன செய்வது?

என் வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம். சாவியை வாங்கிக்கொண்டார். “பரவால்ல மச்சான், நான் ஓட்டுறேன், நீங்க பாருங்க” என்று ஏறிக்கூட உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நெல்லிக்குப்பம் ரோட்டில் மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்பினோம். நான் பின்னால் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிரேக் போடும் இடத்தில் அவருடைய வலது கால் தரையை மிதித்தது. வளைவில் கைவிரல்கள் மடியில் லேசாகத் திரும்பின. அந்தக் கண் மூடிய முகத்தில் ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தது, அதை அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். இறங்கும்போது, “எப்பிடி சார் வண்டி?” என்று கேட்டார்கள். “நல்ல வண்டி. அது மச்சான் ஓட்டுன வண்டி. எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது” என்றார்.

நீலக் காருக்கு எங்கள் பக்கத்தில் ஷோரூம் இல்லை. புதுச்சேரியிலிருந்து சிதம்பரத்துக்கு என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது ஒரு சின்னப் பெண். இறங்கியதும், “யாருங்க சார் ஓட்டுறீங்க? லைசென்ஸ் இருக்குங்களா?” என்று கேட்டாள். அண்ணன் நீட்டினார். படித்துப் பார்த்தாள், போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள், சாவியைக் கொடுத்தாள், பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அதில் பெரிய மனசும் கிடையாது, இரக்கமும் கிடையாது. அவள் வேலையை அவள் செய்தாள். அவர்கள் குமராட்சிப் பக்கம் போய்த் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். அண்ணன் இறங்கும்போது முகம் வேர்த்திருந்தது. ஆனால் உதட்டைப் பிதுக்கினார். நேர்ரோட்டில் பறக்கிறது, ஆனால் வாய்க்கால் வளைவுகளில் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது, பிரேக் மெத்தென்று இருக்கிறது, மனசுக்கு நம்பிக்கை வரவில்லை என்று அந்தப் பெண்ணிடமே சொன்னார். அவள் முகம் வாடியது. இருந்தாலும், “நீங்களாச்சும் ஓட்டிப் பாத்துட்டு குறை சொல்றீங்க சார். மத்தவங்க பாட்டு பொட்டியத்தான் சார் பாப்பாங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சண்டை வந்தது. என் வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில்தான் ஆரம்பித்தார். நீலக் கார்க்காரர்கள் மரியாதை கொடுத்தார்கள், வீடு தேடி வந்தார்கள், நம்பிச் சாவி கொடுத்தார்கள், பேசாமல் நீலத்தையே எடுத்துவிடுங்கள் என்றார். அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது குறைவு. “சாவி குடுத்தது அந்தப் பொண்ணு செஞ்ச வேலை மச்சான். எனக்குப் போட்ட பிச்சை இல்ல. அதுக்கு நன்றியா, புடிக்காத வண்டிய நான் எடுத்து ஓட்டணுமா? நீங்க யாராச்சும் நன்றிக்கு வண்டி வாங்குவீங்களா? எது நல்ல வண்டியோ அத வாங்குவீங்க. எனக்கு மட்டும் எவன் மனுசனா நடத்துறானோ அவன்கிட்ட என்னா இருக்கோ அதான்!” எனக்குக் கூட அதுவரை அப்படித் தோன்றியதில்லை. சாவி கொடுத்தவளிடம் வாங்குவதுதான் நியாயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம்மை மதிப்பவர்களிடம் போய் ஒதுங்கிக்கொண்டால் போதும் என்று எத்தனை விஷயத்தில் நாங்கள் சமாதானம் ஆகியிருக்கிறோம்! நல்லதைத் தேர்ந்தெடுக்கிற உரிமை மற்றவர்களுக்கு, கிடைத்ததை நன்றியோடு எடுத்துக்கொள்வது எங்களுக்கு.

அடுத்து வந்த ஒரு வேலை நாளில், நான் பாடம் நடத்தும் கல்லூரியில் வகுப்பு முடித்துவிட்டு வெளியே வந்தபோது என் வீட்டுக்காரரிடமிருந்து போன். கடலூர் ஷோரூம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். “சார், உங்க மச்சான் வந்து டெஸ்ட் டிரைவ் வண்டியில ஏறி உக்காந்துகினு எறங்க மாட்டேங்கிறாரு. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.” திருவிழாவில் தொலைந்த பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற வக்கீலைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வரவேண்டுமாம். நான் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு என்னுடைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் தனியாகவே அந்த மேனேஜரைத் திட்டிக்கொண்டு போனேன்.

ஷோரூம் வாசலில் சிவப்புக் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அண்ணன், கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, ஏதோ கேஸ் கட்டைப் படித்துக்கொண்டிருந்தார். வண்டி வாங்க வந்தவர்கள், சர்வீசுக்கு விட வந்தவர்கள் என்று சுற்றிலும் ஒரு கூட்டம். மேனேஜர் என்னைப் பார்த்ததும் உயிர் வந்ததுபோல் ஓடிவந்தார். “மேடம், சார் கிட்ட நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. கம்பெனி ரூல்ஸ். இன்சூரன்ஸ் பிரச்சனை ஆயிடும்.” நான் சொன்னேன்: “அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. அவர்கிட்டயே சொல்லுங்க.” அண்ணன் கேஸ் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “இன்சூரன்ஸா? வாங்க, அதப்பத்தி நாம ரெண்டு பேரும் பேசலாம். எந்த ரூல்ல என்னா எழுதியிருக்குன்னு எடுத்துகினு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்” என்றார். மேனேஜர் உள்ளே போனார். யாருக்கோ போன் போட்டார். வெளியே ஒருவர் இதையெல்லாம் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்த பிறகுதான் சாவி வந்தது. அந்த மனிதர் புரிந்துகொண்டு கொடுக்கவில்லை, பயந்துபோய்க் கொடுத்தார். அது அண்ணனுக்கும் தெரிந்தது. சாவியை வாங்கும்போது அவர் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

சந்தோஷம் நெல்லிக்குப்பம் ரோட்டில்தான் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், மேனேஜர் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரைத் தாண்டும் வரை அண்ணன் ஒரு கிழவியைக் கூட்டிப் போவதுபோல் மெதுவாக ஓட்டினார். பிறகு ரோடு காலியானதும் வலது காலை அழுத்தினார். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. விரலால் இறக்கையைத் தட்ட, என்ஜின் ஒரு மூச்சு விட்டு மறுபடி பாடியது. முன்னால் வாலில் விளக்கே இல்லாமல் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. எதிரே பஸ் வருவதைப் பார்த்துப் பின்னாலேயே பொறுமையாகப் போனார், வழி கிடைத்ததும் ஒரே தாவலில் கடந்தார். திரும்பும்போது ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிரேக்கை முழுசாக மிதித்தார். கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நட்டுவைத்த மாதிரி நின்றது. பின்னாலிருந்த மேனேஜர் மட்டும்தான் ஏதோ ஒரு சாமியைக் கூப்பிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். எங்கள் அப்பா முதல்முறை அவரைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து இறக்கத்தில் விட்டபோது அவர் எப்படிச் சிரித்திருப்பாரோ, அப்படி ஒரு சிரிப்பு. “பாத்தியா பாப்பா, இதான் வண்டி” என்றார்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் மேனேஜர் புக்கிங் பற்றிப் பேச ஆரம்பித்தார். அண்ணன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். “வண்டி அருமையா இருக்கு. இதத்தான் வாங்கப் போறேன். ஆனா உங்ககிட்ட இல்ல.” அதே கம்பெனிக்குப் புதுச்சேரியில் இருந்த இன்னொரு ஷோரூமில் போய் அதே சிவப்பை வாங்கினார். சாவி வாங்குகிற அன்று அங்கே எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினார்கள். அண்ணன் முகம் சட்டென்று சுருங்கியது. “எனக்கு மட்டுமா தட்டுறீங்க, இல்ல எல்லாருக்கும் தட்டுவீங்களா?” என்று கேட்டார். எல்லாருக்கும்தான் சார் என்றார்கள். “அப்பன்னா ஜோரா தட்டுங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தக் காரை அவர் ஆசை தீர ஓட்டினார் என்று சொல்ல முடியாது. அதற்குள் மஞ்சள் காமாலை வந்து, கல்லீரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து இறந்துபோனார். மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டுக்கூடத்தில் பெட்டிக்குள் கிடத்தியிருந்தோம். வந்தவர்கள் மாலையை வைத்துவிட்டு என்னிடம் குனிந்து கேட்டார்கள். “வண்டியிலயாம்மா?” ஒருவர் இரண்டு பேர் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள். இல்லை, காமாலை என்று நான் சொன்னபோது சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர்கள் நினைத்தபடி அவர் சாகவில்லை. சித்தப்பா மட்டும் விடவில்லை, “வேகமா ஓட்டுவான், நான் அப்பவே சொன்னேன்” என்று வாசலில் உட்கார்ந்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாசலுக்கு நேரெதிரே, ஒரு கீறல்கூட இல்லாமல், கழுவித் துடைத்த சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. நான் அழுதேனா, கத்தினேனா என்று ஞாபகமில்லை. சித்தப்பா எழுந்து போய்விட்டது ஞாபகம் இருக்கிறது.

காரை என் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். பாட்டரி இறங்காமல் இருக்க அவ்வப்போது ஸ்டார்ட் செய்து கேட்டுக்கும் வாசலுக்குமாக நகர்த்துவேன், அதோடு சரி. அதை ரோட்டுக்கு எடுக்க எனக்கு மனசு வரவில்லை. நமக்கு இவ்வளவு வேகமான வண்டி எதற்கு, சும்மா நின்றால் வீணாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் சரி என்றுவிட்டேன். அப்படித்தான் பண்ருட்டிக்காரர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தேயாத கிளட்சைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

காபியைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் குடித்துவிட்டு மேசைமேல் இருந்த சாவிக்குக் கையை நீட்டினார். “பையன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும்மா.” அவர் கை படுவதற்கு முன்னால் சாவியை எடுத்துக்கொண்டேன். “நீங்க பக்கத்துல உக்காருங்க சார். நான் ஓட்டிக் காட்டுறேன்” என்றேன், வெகு மரியாதையாக. அவர் மகனைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “இல்லம்மா, வாங்கறவங்க நாங்க. நாங்க ஓட்டிப் பாத்தாத்தான…” என்று இழுத்தார். “ஆமாங்க. வாங்கறவங்கதான் ஓட்டிப் பாக்கணும். எங்க அண்ணனும் அதான் சொன்னாரு” என்று சொல்லிவிட்டு நான் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் வேறு வழியில்லாமல் பக்கத்தில் ஏறினார், மகன் பின்னால்.

இருக்கை இன்னும் அண்ணன் வைத்திருந்த இடத்திலேயே இருந்தது. அதை முன்னால் தள்ளிக்கொண்டேன். இடது காலை ஓரமாக வைத்தேன். அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஊரைத் தாண்டும்வரை மெதுவாகப் போனேன். குமராட்சி ரோடு காலியானதும் வலது காலை அழுத்தினேன். பண்ருட்டிக்காரர் கைப்பிடியைத் தேடினார். வாய்க்கால் வளைவில் கார் ஒரு பக்கமும் சாயவில்லை. “மெதுவாம்மா” என்று அவர் சொன்னது கேட்டது. நான் விரலால் இறக்கையைத் தட்டினேன். என்ஜின் ஒரு மூச்சு விட்டு மறுபடி பாடியது. இதைத்தான் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததற்கும் ஓட்டுவதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எதற்காக அண்ணன் அந்த ஷோரூம் வாசலில் கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது, கண்ணீரோடும் கோபத்தோடும், அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கடைசியாக என்ன விலை சொல்கிறீர்கள் என்று கேட்டார். வண்டி விற்றுப்போய்விட்டது என்றேன். அவர்கள் முனகிக்கொண்டே கிளம்பியதும் என் வீட்டுக்காரர் வந்தார். “என்னா இப்பிடிப் பண்ணிட்ட? யாருக்கு வித்துட்ட?”

சாவியை என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். “ஓட்டிப் பாத்தேன். புடிச்சிருந்துச்சு. நானே எடுத்துகிட்டேன்.”